தோல் ஓ.பி.யின் நீள நோட்டு

பெரியவர் மஞ்சள் பையை மேசை மேல் கவிழ்த்தார். ஏழெட்டு டியூபுகள் விழுந்தன. சிலவற்றைப் பற்பசை டியூபைச் சுருட்டுவது போல அடியிலிருந்து சுருட்டிக் கடைசிச் சொட்டுவரை பிழிந்திருந்தார். சிலவற்றில் பெயரே தேய்ந்துபோயிருந்தது. அதில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, "எல்லாத்துலயும் இதுதான் மேடம் நல்லா கேட்டுது. போட்டா ரெண்டு நாள்ல அடங்கிடும். வுட்டா நாலாம் நாளு திரும்ப வந்துடும்" என்றார்.

வேட்டியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். இடுப்பில் தொடங்கித் தொடைவரை படர்தாமரை. அதுவும் வட்டத்துக்குள் வட்டம், குளத்தில் கல் விழுந்த மாதிரி. எத்தனை நாளாக என்று கேட்டேன். "போன வருஷம் ஆடியிலேர்ந்து" என்றார்.

நோட்டில் நான் எழுதியது ஒரே சொல். டீனியா, படர்தாமரையின் மருத்துவப் பெயர்.

அந்த நோட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பாலாற்றுப் பக்கத்து மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனை, தோல் ஓ.பி. நான் அங்கே எம்.டி. படித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடப் படிப்பில் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். எனக்குக் கிடைத்த தலைப்பு, தோல் புறநோயாளிகளிடம் காணப்படும் நோய்களின் பாங்கு. தோல் படிக்கிறவர்களில் யாராவது ஒருவருக்கு இந்தத் தலைப்பு எப்படியும் வந்து விழும். கருவி வேண்டாம், காசு வேண்டாம், உட்கார்ந்து எண்ணினால் போதும். "மூணு வருஷத்துல முடிச்சுட்டு வெளிய போகணும்னா இதான்மா சரி" என்றார் என் கைடு.

எண்ணுவதற்கு ஆதாரம் அந்த நீள நோட்டு. காலையில் அட்டெண்டர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தருவார். வரிசை எண், பெயர், வயது, ஆணா பெண்ணா, ஊர், நோய், மருந்து. மொத்தம் ஏழு கட்டங்கள். மதியத்துக்குள் பக்கங்கள் நிரம்பிவிடும். மாதக் கடைசியில் நோய்க் கட்டத்தை மட்டும் எடுத்து, பூஞ்சை இவ்வளவு, சிரங்கு இவ்வளவு, கரப்பான் இவ்வளவு என்று பிரித்தால் ஊரின் தோல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்படித்தான் நம்பினேன்.

நம்பிக்கையில் முதல் ஓட்டை போட்டவர் அந்த மஞ்சள் பைப் பெரியவர். டீனியா என்று நான் எழுதியது தப்பில்லை. ஆனால் அது புத்தகத்தில் நான் படித்த படர்தாமரையும் இல்லை. அவர் நீட்டிய டியூபில் மூன்று மருந்துகள் கலந்திருந்தன: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, மூன்றாவதாக வீரியமான ஒரு ஸ்டீராய்டு. அரிப்பை இரண்டு நாளில் நிறுத்தியது அந்த மூன்றாவதுதான். பூஞ்சையோடு உடம்பு போடும் சண்டைதான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்கிவிடுகிறது. வீட்டுக்குள் திருடன் இருக்கும்போது குரைக்கிற நாய்க்கு மயக்கமருந்து கொடுத்தால் என்ன ஆகும்? சத்தம் அடங்கும். திருடன் உள்ளேயேதான் இருப்பான், நிதானமாக ஒவ்வோர் அறையாகப் போவான். வட்டத்துக்குள் வட்டம் வருவது அப்படித்தான். தொடையிடுக்கில் பிரசவ வரி மாதிரி வெள்ளைக் கோடுகள் விழுவதும் அந்தக் களிம்பால்தான். அந்தக் கோடுகள் பிறகு போவதே இல்லை.

பாடப்புத்தகத்தில் இரண்டு வாரம் டெர்பினாஃபின் மாத்திரை கொடுத்தால் சரியாகும் என்று இருந்தது. எங்கள் ஓ.பி.யில் இரண்டு மாதம் கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்தார்கள். நாடு முழுக்க ஏறத்தாழ 2014-லிருந்து இதே கதை. மாத்திரைக்கு அடங்காத இந்தப் பூஞ்சையை 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தனி இனமாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள்: டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. பெயரிலேயே இந்தியா இருக்கிறது. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பேரிடம் இது கண்டுபிடிக்கப்பட்டதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. ஒருவர் வங்கதேசம் போய்வந்தவர். இன்னொருவர் அண்மையில் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மஞ்சள் பைதான் நினைவுக்கு வந்தது.

2018-ல், நான் படித்துக்கொண்டிருக்கும்போதே, 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதியை மாற்றியது. எங்கள் துறையில் அன்றைக்கு எல்லோருக்கும் இனிப்பு கொடுக்காத குறைதான். ஒரு மாதம் கழித்து மஞ்சள் பைப் பெரியவர் வந்தார். பையில் புது டியூப் ஒன்று இருந்தது. "சீட்டு கேட்கலியாய்யா?" என்றேன். "சீட்டு எதுக்கும்மா, காலி டியூபைக் காட்டினா அதே மாதிரி எடுத்துத் தரப்போறாங்க" என்றார்.

அன்றிலிருந்து நோட்டின் வலது ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, பென்சிலில் எட்டாவது கட்டம் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். வருவதற்கு முன் என்ன தடவினார்கள் என்று எழுத. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், குப்பைமேனி, மஞ்சள், கல்லுப்பு, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த ஆயின்மென்ட், பல்லி எச்சம் என்று நினைத்து வைத்த சுண்ணாம்பு. ஒருவர் வண்டி பேட்டரித் தண்ணீர் என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். ஓரக் கட்டம் சீக்கிரமே நோய்க் கட்டத்தைவிட நெருக்கமாகிவிட்டது.

முகத்தில் வந்தவர்களிடம் மட்டும் பதில் சுலபமாக வராது. "ஒண்ணும் இல்ல மேடம், பவுடர் மட்டும்தான்." விரல் வைத்தால் எரிகிற, கன்னத்தில் சிவப்பு நரம்பு ஓடுகிற, தாடையில் மெல்லிய முடி முளைத்த முகத்தைப் பார்த்தாலே தெரியும், பவுடர் இல்லை என்று. நிறம் வெளுக்க யாரோ சொல்லி ஆரம்பித்த ஸ்டீராய்டு களிம்பாக இருக்கும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். அதனால் நிறுத்தவும் பயம். 2011-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவின் 12 மையங்களில் முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைக் கேட்டது. 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். ஏழில் ஒருவர். கேட்டபோது ஒப்புக்கொண்டவர்கள் இவர்கள். பவுடர் மட்டும்தான் என்றவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மாத வாரியாகப் பிரித்தபோது இன்னொரு வேடிக்கை தெரிந்தது. சித்திரை, வைகாசியில் வேர்க்குருவும் கட்டியும், மழைக்குப் பிறகு சேற்றுப்புண்ணும் ஏறுவதற்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டாம். ஆனால் ஆடிக் கடைசியில் ஏன் முகப்பருவும் மங்கும் வெண்புள்ளியும் ஏறுகின்றன? வெயிலையும் ஈரத்தையும் வைத்து ஒரு பக்கம் விளக்கம் எழுதி வைத்திருந்தேன். எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் படித்துவிட்டுச் சிரித்தார். "டாக்டர், ஆவணியில முகூர்த்தம் ஆரம்பிக்குது. பொண்ணு பார்க்க வர்றாங்க." அவ்வளவுதான் விஷயம். வருடம் பூராவும் இருந்த பரு, வரன் வந்ததும் நோயாகிவிட்டது. கணுக்காலில் இருக்கிற ஒரு ரூபாய் அளவு வெண்புள்ளிக்காகப் பெண்ணின் அம்மா குரலைத் தாழ்த்தி, "குஷ்டம்னு மட்டும் எழுதிடாதீங்க" என்பார். வெண்குஷ்டம் என்ற சொல்லையே அரசு கைவிட்டாகிவிட்டது, இது தொற்றாது, தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்வேன். அம்மா நோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சரி, ஏறுவதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வராததைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன்மா, மார்ச்சு, ஏப்ரல்ல உங்க ஊர்ல யாருக்கும் அம்மையே போடலையா?" எனக்கு வாய் அடைத்துவிட்டது. பங்குனி, சித்திரையில் தெருவுக்கு ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். என் விடுதிக்குப் பின்னாலேயே இரண்டு வீட்டில் தொங்கியது. ஆனால் அம்மை போட்டவரை யார் ஓ.பி. வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள்? அது ஆத்தா வந்திருப்பது. இளநீர், வேப்பிலைப் படுக்கை, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் என்று அதற்குத் தனி முறை இருக்கிறது. எங்களிடம் வருவது அதற்கெல்லாம் பிறகு, தழும்பு போக என்ன போடலாம் என்று கேட்க. அப்போது நோட்டில் விழுவது தழும்பு என்ற சொல்.

அக்கியும் அப்படித்தான். அம்மை கொடுத்த அதே வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து பல வருடம் கழித்து ஒரு பக்கமாகக் கொப்புளமாய் எழுவது அக்கி. 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் நல்ல பலன். ஒருநாள் ஒரு தாத்தா சட்டையைக் கழற்றினார். விலாவைச் சுற்றிக் காவி நிறத்தில் ஒரு சிங்கம். வாயைப் பிளந்த, வால் சுழித்த, அருமையான சிங்கம். குயவர் வீட்டில் அக்கி எழுதியது. மூன்று நாள் எழுதச் சொன்னார்களாம், எழுதி முடித்துவிட்டு எங்களிடம் வந்திருந்தார். மூன்று நாளும் 72 மணி நேரமும் ஒன்றுதான் என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல? சிங்கத்தை ஈரப் பஞ்சால் துடைக்க எனக்கு மனமே வரவில்லை. வலி தாங்காமல்தான் வந்தார். சிங்கம் எழுதி வலியில்லாமல் ஆறிப்போனவர்கள் எங்கள் நோட்டுக்கு வரவே மாட்டார்கள். குயவர் நோட்டு போட்டிருந்தால் அதிலிருந்துதான் அக்கியின் பாங்கை எழுத வேண்டும்.

இன்னொன்றுக்கு நானே காரணம். என் சக மாணவர் விடுப்பில் போய் நான் தனியாக உட்கார்ந்த வாரங்களில் ஆண்களின் தொடையிடுக்குப் படர்தாமரை நோட்டில் சட்டென்று குறைந்தது. அதே வாரங்களில் முதுகுத் தேமலும் பித்தவெடிப்பும் கூடின. வரிசையில் நின்றவர்கள் அதே ஆட்கள்தான். பெண் டாக்டரைப் பார்த்ததும் காட்டுவதற்கு வேறொரு இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கம் நேர்மாறு. பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு வரியில், மார்புக்கு அடியில், வருடக்கணக்காக மறைத்து வைத்திருந்ததை அந்த வாரங்களில் காட்டினார்கள். "ஆம்பள டாக்டர் இருந்தாரு, அப்படியே திரும்பிப் போயிட்டேன் பாப்பா, மூணு தடவ" என்றார் ஒரு அம்மா. ஆய்வேட்டில் ஆண் பெண் விகிதம் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. யார் நாற்காலியில் இருந்தார் என்பதற்கு அட்டவணை இல்லை.

தொழில் என்று ஒரு கட்டம் அந்த நோட்டில் இல்லாததுதான் எனக்கு இன்றும் உறுத்துவது. கை வெடித்து, தடித்து, ரத்தம் கசிய வந்த சித்தாளும், கொத்தனாரும், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் ஷாப்பில் வேலை செய்தவரும் நோட்டில் எக்ஸிமா, அதாவது கரப்பான், என்ற ஒரே சொல்லில் அடங்கினார்கள். சிமெண்டிலும் தோல் பதனிடுவதிலும் குரோமியம் இருக்கிறது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் சின்ன அளவு பட்டாலும் போதும், திரும்ப வெடிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் சிமெண்டில் கரையக்கூடிய ஆறிணைதிறன் குரோமியம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. இரும்பு சல்பேட்டைக் கொஞ்சம் கலந்தால் குறைந்துவிடும், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நாங்கள் சித்தாளிடம் சொன்னது, "சிமெண்டைத் தொடாதீங்கம்மா." அவர் சிரித்தார். நான் சொன்னதில் இருந்த அபத்தம் அவருக்கு உடனே புரிந்தது. எனக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது.

பார்த்தீனியம் இன்னும் மோசம், அதைத் தொடக்கூட வேண்டாம். 1950-களில் புனேயில் முதலில் கண்ணில் பட்ட அந்தக் களை இன்று வரப்பெல்லாம் இருக்கிறது. காற்றில் வரும் தூளே போதும், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் கறுத்துத் தடித்துவிடும். விவசாயிகள் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் வருவார்கள். நாங்களும் பல நேரம் அப்படியே எழுதியிருக்கிறோம். ஸ்டிக்கர் பொட்டின் பசையால் நெற்றி நடுவில் பொட்டு அளவுக்கே வெளுத்த அம்மாக்களையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நோட்டில் அதற்கும் தனிப் பெயர் இல்லை.

தொழுநோயைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது, எனவே பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அது ஒழிந்தது என்று இந்தியா அறிவித்தது 2005 டிசம்பரில். உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியாவில்தான். இரண்டும் உண்மை. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்குக் கரிகிரி என்றால் தெரியும். 1955-ல் வேலூருக்குப் பக்கத்தில் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை அது. அந்தக் காலத்தில் ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு அந்தத் திட்டம் பொதுச் சுகாதாரத்தோடு கலந்துவிட்டது. வீட்டுக்குப் போய்த் தேடுவது குறைந்தால் கணக்கும் குறையத்தான் செய்யும்.

ஒரு சிறுமியை அவள் அம்மா தேமல் என்று கூட்டிவந்தார். முன்கையில் வெளிறிய ஒரு திட்டு. பென்சில் கட்டத்துக்காக வழக்கமான கேள்வியைக் கேட்டேன். ஒரு வருடமாக மூன்று டியூப், நடுவில் வேப்பெண்ணெய். எது போட்டும் அரிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லையாம். "அரிப்பே இல்லியே மேடம்." அந்தப் பதிலில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னேன். விளையாட்டு மாதிரி ஒவ்வொன்றாகச் சரியாகக் காட்டிக்கொண்டே வந்தாள். திட்டைத் தொட்டபோது விரல் நகரவில்லை. "இன்னும் தொடலியே" என்றாள். முழங்கை எலும்புக்குப் பின்னால் நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது.

ஆறு மாத மருந்து, இலவசம், முழுக்கக் குணமாகும், பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், முதல் மாத்திரை போட்டதும் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படக்கூடாது. எல்லாம் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "நோட்டுல எழுதுவீங்களா?" எச்.டி. என்று எழுதினேன். 1873-ல் கிருமியைக் கண்ட நார்வே நாட்டு ஹான்சனின் பெயர், சுருக்கி. வெள்ளிக்கிழமைகளில் கால் புண்ணுக்குக் கட்டுப் போடவும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கவும் வந்த, விரல் மழுங்கிய பெரியவர்களை ஆய்வில் சேர்க்க முடியவில்லை. என் விதிப்படி புதிய நோயாளிகள் மட்டும்.

கடைசியாகச் சிரங்கு. நோட்டில் மிகவும் நம்பக்கூடிய எண்ணிக்கை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அதுதான். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இரவில் அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு. குழப்பமே கிடையாது. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இதையும் சேர்த்தது. ராத்திரி பூராவும் சொறிகிற ஒருவரின் உடம்பில் இருப்பது சராசரியாகப் பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் என்றால் நம்புவது கஷ்டம். முதல் முறை தொற்றினால் அரிப்பு தொடங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் பக்கத்தில் படுத்தவருக்குப் போய்விடும். அதனால்தான் கழுத்திலிருந்து கால்வரை, அரிக்கிறதோ இல்லையோ, வீட்டில் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் மருந்து பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை.

ஒரு பாட்டி இரண்டு பேரப்பிள்ளைகளோடு வருவார். முதலில் ஆவணியில் வந்தார். சரியாகிப் போனார். தீபாவளி கழித்துத் திரும்ப வந்தார். நோட்டில் புது வரிசை எண், புது நோயாளி மூன்று பேர். மார்கழியில் மூன்றாவது முறையாக வந்து நின்றபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் சொன்ன மாதிரி எல்லாரும் பூசினீங்களா பாட்டி?"

"பூசிக்கினோம் கண்ணு. வீட்டுல இருக்கற எல்லாரும் பூசிக்கினோம்." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "எம் புள்ள பெங்களூர்ல கட்டட வேலை. நாள் கெழமைக்கு வருவான். வந்தா புள்ளைங்க அவங்கூடத்தான் படுக்கும்" என்றார். பொங்கலுக்கும் வருவானாம். "அவனுக்கு ஒரு பாட்டில் சேத்துக் குடு."

எங்கள் மருந்துக் கவுண்டரில் ஓ.பி. சீட்டு ஒன்றுக்கு ஒரு பாட்டில். ஆளில்லாத சீட்டுக்கு மருந்து கிடையாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டியே போய் வரிசையில் நின்று மகன் பெயரில் ஒரு சீட்டு வாங்கி வந்துவிட்டார். ஆய்வுப் படிவம் நிரப்பவில்லை, ஆனால் நோட்டில் எழுதித்தான் ஆக வேண்டும். வரிசை எண், பெயர், 32, ஆண், பாட்டியின் ஊர், ஸ்கேபிஸ், பெர்மெத்ரின். ஏழு கட்டமும் நிரம்பியது. பழக்கத்தில் பென்சிலை எடுத்து, "அவருக்கு எங்கெங்க இருக்காம்? என்ன தடவுறாராம்?" என்று கேட்டேன்.

"விரல் இடுக்குல, இடுப்புல. ஒண்ணும் தடவல. ராத்திரியில தூக்கமே இல்லியாம் கண்ணு" என்றார் பாட்டி, பாட்டில்களைப் பையில் அடுக்கிக்கொண்டே. "அந்தத் தகர ஷெட்டுல அவனோட சேத்துப் பதினாறு பேரு படுக்கறாங்களாம்."